பன்னிரண்டாவது உரிமம்

எனக்கு அபலோன் பிடிக்காது. கடலடிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் பெரிய நத்தை அது. எவ்வளவு அடித்துத் துவைத்து வெண்ணெயில் வாட்டினாலும் நனைந்த செருப்பைக் கடிப்பது போலத்தான் இருக்கும். ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மூடியதில்லை. நாக்கில் எச்சில் ஊறுகிறவனால் எதையும் நடுநிலையோடு காக்க முடியாது. அந்த வகையில் அரசு என்னை ஸ்டோக்ஸ் முனைக்கு அபலோன் மேலாளராக அனுப்பியது சரியான முடிவு.

தேநீருக்கு நன்றி, சார்ஜண்ட் டோனா. ரெக்ஸ் பாட்டர்டன் இறந்தது பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் நீங்கள் முகத்தை இளக்கிக்கொண்டு, “இன்னும் அதையே மனசுல வச்சுட்டிருக்கீங்களா நெவில்? விட்டுத் தள்ளுங்க” என்றீர்கள். மனதில் இல்லை. திட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் வந்தேன்.

நம் கடற்கரையில் ஆண்டுக்கு இவ்வளவு எடைதான் அபலோன் எடுக்கலாம் என்று ஒரு மொத்த அளவு உண்டு. உரிமம் வைத்திருப்பவர்கள் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நான் வந்தபோது பன்னிரண்டு உரிமங்கள் இருந்தன. என் திட்டம் பதினொன்று என்றது. ‘நீடித்த கடல்: பதினொன்றை நோக்கி’ என்று திட்ட நூலின் அட்டையிலேயே அச்சிட்டிருந்தோம். அட்டைப்படத்தில் முக்குளிக்கும் உடையணிந்து தொலைவைப் பார்ப்பவன் நான்தான். படம் என் வீட்டுக் கொல்லையில் எடுத்தது, கடலைப் பிறகு சேர்த்தார்கள். இந்தத் திட்டத்துக்காக மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு கண்ணாடிச் சிப்பியைப் பரிசாகக் கொடுத்தார்கள். என் மைத்துனன் அதில் சிகரெட்டை அணைத்துவிட்டான். அது வேறு கதை.

யாருடைய உரிமத்தையும் பிடுங்குவது நாகரிகமில்லை. ஆகவே ஒரு விதி எழுதினேன். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போது அதை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். மாற்றாமல் இறந்தால் உரிமம் காலாவதி. இதற்கு ‘இயற்கைக் குறைவு’ என்று பெயர் வைத்தேன். அந்தச் சொல்லை இப்போது வேறு மாநிலங்களிலும் பயன்படுத்துகிறார்கள்.

பௌலிங் கிளப்பில் கூட்டம் போட்டு விளக்கினேன். முக்குளிப்பவர்களில் மூத்தவரான ரெக்ஸ் பின்வரிசையில் சிப்பிக்கறி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார்.

“அது என்னய்யா இயற்கைக் குறைவு?”

“உரிமதாரர்களின் எண்ணிக்கை காலப்போக்கில் தானாகக் குறைவது.”

“சாவுறதுன்னு சொல்லேன். பல்லு வலிக்குதா?”

அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

“சரி, மொதல்ல யாரு? அதுக்கும் ஒரு படம் போட்டிருப்பியே.”

“சராசரி வயதை வைத்துப் பார்த்தால்...”

“என்னைத்தான்டா சொல்றான்! யாராச்சும் ஒரு பீர் வாங்கிக் குடுங்கப்பா, மனுஷன் கொறையப் போறேன்.”

அவர் மகள் ட்ருடி எழுந்தாள். அவளும் முக்குளிப்பவள்தான், அப்பாவோடு போய்ப் பழகியவள். “மிஸ்டர் ஆஸ்பினல், மொத்த அளவு மாறப்போறதில்லையே? பன்னண்டு பேரு எடுத்தாலும் பதினோரு பேரு எடுத்தாலும் கடல்லேருந்து போறது அதே எடைதானே? அப்புறம் ஒண்ணு கொறைஞ்சா அந்த நத்தைக்கு என்ன லாபம்?”

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்க நடைமுறையில் இடமிருக்கிறது. ஒத்திவைத்தேன்.

அதே கூட்டத்தில்தான் ரெக்ஸ் சொன்னார், பருவம் முடிந்ததும் உரிமத்தை ட்ருடி பெயருக்கு மாற்றப்போவதாக. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவளுக்கு அது வாழ்க்கை. அப்பா படகை அடகு வைக்காமல் காத்ததே அவளுக்காக என்று ஊருக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு முப்பது வயது, நல்ல உடம்பு. இன்னும் ஒரு தலைமுறைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாகவே நிற்கும். அட்டையில் பதினொன்று என்று இருக்கிறது.

முறையாகவே முயன்றேன். ரெக்ஸின் கொட்டகைக்குப் போனேன். குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ரெக்ஸ், உரிமத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க பேர்ல முனையில ஒரு பெஞ்ச் போடச் சொல்றேன், கடலைப் பாத்த மாதிரி.”

“பெஞ்ச்சுல நீயே உக்காரு நெவிலு. கடலைப் பாத்துக்கிட்டே இரு. அதுக்குத்தானே சம்பளம் வாங்குற?”

நான் புண்படவில்லை. பின்னால் யாராவது அப்படி எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முக்குளிப்பவர் கீழே இறங்கும்போது படகில், அனுமதி அட்டை பெற்ற உதவியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ரெக்ஸின் உதவியாள் ஸ்னோ, நரைத்த தலையால் அந்தப் பெயர் பெற்றவன். அவன் அளந்து பெட்டியில் போட்டதில் ஒரு நத்தை, எடுக்கலாம் என்று சட்டம் சொல்லும் நீளத்தைவிட மயிரிழை குட்டையாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். அட்டையை நிறுத்திவைத்தேன். நியாயமான நடவடிக்கை. பருவத்தின் நடுவில் வேறு உதவியாள் கிடைப்பது கடினம். துறையை உள்ளிருந்து அறிய வேண்டும் என்று நானும் அந்த அட்டையை வாங்கி வைத்திருந்தேன். நானே வருகிறேன் என்றேன்.

“வாந்தி எடுக்க மாட்டியே?”

“மாத்திரை போட்டுக்கறேன்.”

“சரி வா. ஆனா இதைக் கேளு.” படகில் ஒரு சிறிய எஞ்சின் காற்றை அழுத்தி நீண்ட குழாய் வழியாகக் கீழே அனுப்பும். அந்த எஞ்சினுக்கு மேலே, காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயைக் காட்டினார். “பொகை அந்தப் பக்கம், இந்த வாய் காத்து வர்ற பக்கம். காத்து திரும்பினா இதையும் திருப்பு. பொகை உள்ள வந்துச்சுன்னா கீழ எனக்கு ஒரு எழவும் தெரியாது. மூச்செல்லாம் முட்டாது. சொகமாத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.”

கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

இங்கே முக்குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். இறங்குவதற்கு முன் கடைசி வேலையாகக் குழாய் வாயைத் தன் கையாலேயே காற்றுக்குத் திருப்பி வைப்பார்கள். பிறகு உதவியாளின் தோளைத் தட்டி, “காத்து இனி உன்னோடது” என்பார்கள். சொல்லாமல் இறங்க மாட்டார்கள். சொன்ன பிறகு மேலே திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது உதவியாளை அவமதிப்பது. ரெக்ஸும் தட்டினார். கனமான கை.

முதல் வலை மேலே வந்தது. அளந்தேன். ஒன்றுகூடக் குட்டையில்லை. கீழேயே அளந்து, சிறியவற்றைப் பாறையில் நேராக வைத்து, அவை பற்றிக்கொள்ளும்வரை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புரட்டிப் போட்டுவிட்டால் மீன் கொத்தித் தின்றுவிடும். சிறந்த தொழிலாளர். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வலைக்கு வேறொரு பாறைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். அப்போது காற்று திரும்பியது, அனுபவமில்லாத நான் கவனிக்கவில்லை என்பது விசாரணையில் நான் சொன்னது. காற்று திரும்பவில்லை. அன்று முழுவதும் தென்மேற்கிலிருந்தே சீராக வீசியது. குழாயை நான்தான் திருப்பினேன். அதைப் பிடித்திருக்கும் திருகு உப்பேறி இறுகியிருந்தது, கைக்குட்டையைச் சுற்றித்தான் தளர்த்த முடிந்தது. புகை வரும் இடத்துக்கு நேராக வைத்தேன். பிறகு உட்கார்ந்து, அவர் மனைவி எனக்கென்று கட்டிக்கொடுத்திருந்த ரொட்டியைத் தின்றேன். நீர்க்குமிழிகள் ஒரே இடத்தில் வந்தன. பிறகு விட்டுவிட்டு வந்தன. பிறகு இல்லை. குழாயைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு வானொலியில் உதவி கேட்டேன். குரல் நடுங்கியது என்றார்கள். மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை.

ஊர் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. வாசலில் ஆட்டிறைச்சிக் குழம்பும் லாமிங்டன் கேக்கும் வைத்துவிட்டுப் போனார்கள். ட்ருடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உங்க மேல தப்பே இல்ல. அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அழாதீங்க” என்றாள். நான் அழவில்லை, ஆனால் மறுப்பது அநாகரிகம்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பதினொன்று. அன்று மாலையே கணினியில் மாற்றிவிட்டேன்.

ஆனால் அடக்கத்துக்கு அமைச்சர் வந்தார். சவப்பெட்டியைப் பார்த்தார், ட்ருடியைப் பார்த்தார், கேமராவையும் பார்த்தார். அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு புது விதி ஒன்றை அறிவித்தார். தொழிலின்போது விபத்தில் இறந்தவரின் உரிமம் காலாவதியாகாது, வாரிசுக்குப் போகும். கூட்டம் விம்மியது. அந்த விம்மலில் உற்சாகமாகி, ரெக்ஸின் நினைவாக ஸ்னோவுக்கும் ஒரு புது உரிமம் என்றார். இரண்டும் சட்டமாகிவிட்டன. பன்னிரண்டில் ஒன்றைக் கழித்தேன், சார்ஜண்ட். பதின்மூன்று வந்திருக்கிறது.

நான் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை. ஆனால் அந்த எண்ணோடு இரவில் தூங்க முடியவில்லை.

பிறகு சட்டத்தை நிதானமாகப் படித்தேன். இரண்டு உரிமங்களும் ‘விபத்து’ என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கின்றன. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இரண்டும் செல்லாது. அது விபத்தில்லை என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். வேறு யாரிடமும் இந்த வேலையை ஒப்படைக்க முடியாது என்பதால் நானே வந்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். “அப்போ பதினொண்ணு ஆயிட்டா அபலோன் கொஞ்சமாவது கூடுமா?” என்று கேட்கிறீர்கள். இல்லை. எடுக்கிற எடை அதேதான். ட்ருடி கேட்ட கேள்வியும் அதுதான், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

எடுத்து எழுதுங்கள். காற்று திரும்பவில்லை. நெவில் ஆஸ்பினலாகிய நான், ரெக்ஸ் பாட்டர்டனை வேண்டுமென்றே கொன்றேன். தெளிவாக எழுதுங்கள், அமைச்சர் அலுவலகம் படிக்க வேண்டும். ட்ருடிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் குடும்பத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்தக் கோபமும் இருந்ததில்லை என்று. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.