துடைத்து முடிக்காத லென்ஸ்

லென்ஸின் முன்கண்ணாடியை விரலால் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும், சார். நான் நகைக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுக்கிறவன். ஒரு மோதிரத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கும்போது, லென்ஸில் ஒட்டியிருக்கும் பிசுக்கும் கூடவே பெரிதாகும்.

எனக்கு வேண்டிய லென்ஸ்கள் இங்கே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை ஆளை விழுங்கிவிடும். என் மனைவியின் தங்கை வெளிநாட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் முதல் லென்ஸை வாங்கி வந்தபோது, மறைக்காமல் விமான நிலையத்தில் இதே சுங்க மேஜைக்கு வந்து ரசீதை நீட்டினேன். அப்போது உங்கள் இடத்தில் இருந்த அதிகாரி எண்ணெய் வடியும் ஏதோ பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். தள்ளுபடி விலை போட்ட ரசீதை அவர் நம்பவில்லை. கைபேசியில் வேறொரு கடையின் முழு விலையைத் தேடி எடுத்து அதற்கு வரி போட்டார். வயிறு எரிந்தது, ஆனாலும் கட்டினேன். பிறகு அதே கையால் மூடியைக் கழற்றி, "இந்தக் கண்ணாடித் துண்டுக்கா இவ்வளவு?" என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அதைத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்த மேஜையில் ஒரு பைசா வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

என் மாமனார் எங்களோடுதான் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலி, இடுப்பில் டயப்பர், இதயத்துக்கு வேளை தவறாமல் மாத்திரை. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாடை எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளில்கூட ஏறியிருந்தது. என் மனைவி முகம் சுளிக்காமல் எல்லாம் செய்வாள். நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸ் துடைப்பேன்.

ஒருமுறை மூவரும் மச்சினி வீட்டிலிருந்து திரும்பி வந்தோம். இங்கே வரிசையில் நின்ற எல்லோருடைய பையையும் பிரித்துப் போட்டவர்கள், மாமனாரின் நாற்காலி கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போங்க, போங்க" என்று வழிவிட்டார்கள். மனைவி கூனிக் குறுகிப்போனாள். எனக்குப் பொறி தட்டியது.

படுக்கைப்புண் வராமலிருக்க அவர் ஒரு ஸ்பாஞ்ச் மெத்தையின் மேல்தான் உட்காருவார். அதன் நடுவில் லென்ஸ் அளவுக்கு வெட்டி எடுத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டேன். "நீ கொஞ்சம் ஓய்வெடு, மாமாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மனைவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டாள். இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாமனாருக்கு விஷயம் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் சின்ன மகளைப் பார்க்கலாம் என்பதற்காகச் சரியென்றார். "டிக்கெட் வாங்காம ஒருத்தனையும் என் பஸ்ல ஏத்தினதில்ல மாப்பிள்ளை. கடைசியில நானே வித்தவுட்டா?" என்று சிரித்தார்.

ஒரே ஒரு சங்கடம். அவர் சுத்தமாக இருந்தால் உங்கள் ஆட்கள் குனிந்து பார்த்துவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் நாளில் நான் டயப்பரை மாற்றுவதில்லை. "ஊறிப்போய்க் கிடக்கு மாப்பிள்ளை" என்று காதோடு சொல்வார். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பேன். விமானத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வேறு இடம் கேட்டு எழுந்து போகும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் வருகிறது போலும் என்று விட்டுவிடுவேன். எனக்கும் அந்த வாடை அருவருப்புத்தான். நான் மட்டும் எழுந்து போனேனா?

அந்த முறையில் சில லென்ஸ்கள் வந்து சேர்ந்தன. போன தடவைதான் கெட்டது. அவர் தெம்பாக இருந்தார். உங்கள் ஆள் ஒருவரிடம் பஸ் கதை சொல்லிச் சிரிக்க வைத்ததில், அந்த மனிதர் மூக்கை மறந்து நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெம்பான நோயாளியால் யாருக்கு என்ன பிரயோசனம்? ஆகவே இந்தத் தடவை மச்சினி வீட்டில் இருக்கும்போதே மாத்திரையை நிறுத்தினேன். அவள் கேட்டதற்கு, நானே கொடுத்துவிட்டேன் என்றேன். பாவம், அவளுக்கும் ஒரு வேலை மிச்சம்.

விமானத்தில் மாமனார் என் கையைப் பிடித்தார். அந்தக் கை பிசுபிசுவென்று இருந்தது.

"நெஞ்சை என்னவோ பிசையுது மாப்பிள்ளை. அந்த மாத்திரையைக் குடுங்களேன்."

"இறங்கினதும் தர்றேன் மாமா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பணிப்பெண் வந்து, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா, டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கட்டுமா என்றாள். தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றேன். டாக்டர் வந்தால் ஸ்ட்ரெச்சர் வரும். ஸ்ட்ரெச்சரில் மெத்தையை வைக்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், சார்.

இறங்குவதற்கு முன் அவரை ஒருபக்கமாகச் சாய்த்து லென்ஸை மெத்தைக்குள் வைத்தேன். அவர் முனகக்கூட இல்லை. தொப்பியை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். மெத்தையோடு இருக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, தள்ளிக்கொண்டு வரும் ஊழியர், "பெரியவர் கை சில்லுன்னு இருக்கே" என்றார். விமானத்தில் ஏசி அதிகம் என்றேன். பிறகு உங்கள் வாசலுக்கு வந்தோம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வழிவிட்டது நீங்கள்தான், சார். உங்களைத் தப்பு சொல்லவில்லை. யாருக்கும் அருவருப்பு இருக்கத்தானே செய்யும்.

கார் நிறுத்துமிடத்தில் நான் பொறுத்திருக்க வேண்டும். அது என் தவறு. உறையில் ஈரம் தெரிந்தது. ஈரம் பட்ட லென்ஸை அப்படியே விட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். மெத்தையைக் கிழித்து லென்ஸை எடுத்தேன். மூடியின் ஓரமாக மஞ்சளாக ஏதோ கசிந்து கண்ணாடியில் இறங்கியிருந்தது. சீ என்று ஆகிவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சார், பெரியவர் சரியிறாரு, பிடிங்க" என்று ஊழியர் கத்தினார். ஒரு கையில் மூடியில்லாத லென்ஸ், மறு கையில் துணி. அதை எப்படித் தரையில் வைப்பது? மாமனாரின் தலை சிமெண்டில் இடித்த சத்தம் கேட்டது. வட்டமாக, நடுவிலிருந்து வெளியே துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்து எழுப்பும்வரை.

நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை என் சட்டைப் பையில்தான் இருந்தது. இதோ, இப்போதும் இருக்கிறது. லென்ஸை வைக்க அவரைச் சாய்த்தபோதே உயிரில்லை என்று எனக்குத் தெரியும். என் மனைவி வெளியே அப்பாவுக்குச் சட்டை, டயப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறாள். எதை வேண்டுமானாலும் அவளிடம் சொல்லுங்கள். வரியையும் முழு விலைக்கே போடுங்கள், கட்டிவிடுகிறேன். அந்த லென்ஸை மட்டும் உங்கள் ஆட்கள் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார். கை சுத்தமாக இல்லாதவர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.