ஒரே ஊசியில் இரண்டு ஈக்கள்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் வெறும் வெந்நீர்தான் கிடைக்கும்.

பாஸ்கரை ஏன் கொன்றேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு முதலில் பூ ஈயைப் பற்றித் தெரிய வேண்டும். பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அதுதான். தேனீ மாதிரி வேஷம் போடும், கொட்டாது. உங்களுக்கு எல்லாமே ஈ. நான் சிறகின் நரம்பு, முகத்தின் மேடு, பின்தொடையின் பருமன், வயிற்றுப் பட்டை எல்லாம் பார்த்து இனம் பிரிப்பவன். மிளகாய் மண்டி வைத்திருந்த என் அப்பாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான்.

கொருக்குப்பேட்டைச் சாக்கடை ஓரத்தில் ஓர் இனத்தைக் கண்டேன். கறுத்த வயிறு, மெலிந்த தொடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் அதற்குப் பெயர் வைத்து அச்சில் கொண்டுவந்தேன். எண்ணூர் உப்பளத்துப் பூக்களில் இன்னொன்று. மஞ்சள் பட்டை, தடித்த தொடை. அதை வேறு குழுவில் வைத்து ஐம்பத்திரண்டில் எழுதினேன். முதலாவதில் ஆணே அகப்படவில்லை, இரண்டாவதில் பெண்ணே அகப்படவில்லை. தேடினால் கிடைக்கும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவதற்கு என் மகள் ஞானசெல்வியின் பெயரை வைத்தேன். டைபாய்டில் போய்விட்டாள். அவள் என் உயிர். காசிமேட்டுக் கல்லறையில் செதுக்கிய பெயர் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டது. அவள் பெயர் மிச்சமிருந்தது அந்த ஈயில் மட்டும்தான்.

பாஸ்கர் எனக்குக் கீழே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். திருவொற்றியூர்க் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன். அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் ராயபுரத்தில் எங்கள் மண்டி மாடிக்கு மூச்சிரைக்க வந்தான். ஒரே ஊசியில் இரண்டு ஈக்கள். இணை சேரும்போது பிடித்தால் அப்படித்தான் குத்துவோம். இரண்டும் சேர்ந்தே கிடைத்தவை என்பதற்கு அந்த ஊசிதான் சாட்சி.

“சார், ஜோடியா புட்ச்சேன். கறுப்பா கீறது பொட்டை, பட்டை போட்டது ஆணு. ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முந்தியது நிற்கும், பிந்தியதை அடித்துவிடுவார்கள். அவனுக்கும் தெரியும்.

“பாப்பா பேரு போய்டும். எனக்கே பேஜாராத்தான் கீது. ஆனா இன்னா சார் பண்றது, எழுதித்தானே ஆவணும்.”

நியாயமான பேச்சு. லென்ஸைக் கொடுத்து, இன்னொரு முறை பார் என்றேன். குனிந்தான். கதவுக்குப் பின்னால் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி தொங்கும். அதை எடுத்துப் பிடரியில் மண்டையெலும்பு முடியும் பள்ளத்தில் இறக்கினேன். இடம் சரிதான், அவன்தான் அசைந்துவிட்டான். அதனால் இரண்டாவது குத்து காதைக் கிழித்தது, மூன்றாவது தாடையில் மாட்டிக்கொண்டது. மிளகாய்ச் சாக்கின்மேல் விழுந்து உருண்டான். காயத்தில் மிளகாய் பட்டு எரிந்திருக்கும், பாவம். பூச்சியை ரொம்ப நேரம் துடிக்கவிட்டால் சிறகு கெட்டுவிடும், உடனே மூச்சை நிறுத்துவதுதான் எங்கள் முறை. பூச்சிகளைப் போட்டுக் கொல்லும் சயனைடு பாட்டிலின் வாயை அவன் மூக்கோடு வைத்து அழுத்தினேன். கால்கள் ஓயும்வரை தலையைத் தடவிக்கொடுத்தேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

பிறகு கை கழுவிக்கொண்டு அந்த ஜோடியைப் பிரித்தேன். வால்நுனிகள் விடவே இல்லை. பொறுமையாக எடுத்து, தனித்தனி ஊசியில் குத்தி, தனித்தனிப் பெட்டியில் வைத்தேன். போய்ப் பாருங்கள். இரண்டு இனங்கள். பாஸ்கர் அவசரத்தில் தப்பாகப் பார்த்துவிட்டான்.

வாசலில் அழுவது அவன் அம்மா பவுனம்மாள்தானே? “எம்புள்ள பேரு சொல்ல இனிமே யாரு கீறா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெற்ற வயிறு, எனக்குப் புரிகிறது. அடுத்த புது இனத்துக்கு அவன் பெயரையே வைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கான்ஸ்டபிள், அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

“காத்தே இல்லியே சார். உள்ள வெந்துகினு கீது.”

பரவாயில்லை, சாத்துங்கள். பின்னால் சாக்கடை ஓடுகிறது. ஜன்னல் கம்பியில் கறுத்தது ஒன்றும் பட்டை போட்டது ஒன்றும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டாம், இன்ஸ்பெக்டர். பூச்சிகளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது.