பெல்மிரோவின் காய்ச்சல்

கொயிம்ப்ராவில் ஜூலை மாதம் வாடகைக்கு அறை கிடைப்பது சுலபம். மாணவர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள், மேட்டுத் தெருக்களில் பாதி ஜன்னல்கள் சாத்திக் கிடக்கும். ஐல்சாவுக்கு நான்தான் அறை பார்த்துக் கொடுத்தேன். பழைய கதீட்ரலுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். அவர் ஸ்காட்லாந்துக்கார எழுத்தாளர். ஒரு கோடைக்காலம் முழுக்க இங்கே தங்கி, இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வந்திருந்தார். போர்த்துகீசியம் தெரியாது. நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன், விடுமுறையில் இருந்தேன். மொழிபெயர்க்க நானும் உடன் வருகிறேன் என்றேன்.

உங்கள் அப்பாவை அவருக்கு அறிமுகப்படுத்தியதும் நான்தான், ஒதேத். அச்சகத்தில் நாற்பது வருடம் எழுத்துக் கோத்தவர், எல்லாத் தெருவும் தெரிந்தவர், பேசப் பிடித்தவர். வேறு யாரை அழைத்துப் போவேன்? நீங்கள் அப்போது லக்சம்பர்க்கில் இருந்தீர்கள். வீட்டில் அவர் தனி ஆள். வாரம் மூன்று நாள் நாங்கள் வருவது அவருக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சீட்டாட்டக் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். "அந்தம்மா வந்ததுலேர்ந்து பெல்மிரோ தினம் சவரம் பண்ணிக்கிறான் பாருங்கடா. எழுபத்தொரு வயசுல மாப்பிள்ளை முறுக்கு!" உங்கள் அப்பா சீட்டைக் கலைத்துப் போட்டபடியே, "பொறாமையில வெந்து சாவுங்க" என்பார்.

அவர் சொன்னவை நல்ல விஷயங்கள்தான். ஆனால் சாதாரணம். ஆற்றில் வெள்ளம் வந்த வருடம், அச்சக முதலாளியின் கஞ்சத்தனம், கால்பந்து. ஒருநாள் "ஆத்துல தண்ணி குறைஞ்சுபோச்சு" என்றார். நான் ஆங்கிலத்தில், இந்த ஊர்க் கிழவர்களைப் போலவே ஆறும் மெலிந்துவிட்டது என்று சொன்னேன். ஐல்சா உடனே குறித்துக்கொண்டார். "எவ்வளவு அழகா பேசறார்" என்றார். இருபத்தாறு வருடம் வகுப்பில் பேசியிருக்கிறேன். நான் சொன்னதை ஒருவர் ஆசைப்பட்டு எழுதிக்கொண்டது அன்றுதான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் நடுவில் ஐல்சா சோர்ந்துபோனார். காபிக் கடையில் உட்கார்ந்து குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"நல்ல மனுஷன்தான், அன்செல்மோ. ஆனா நல்ல மனுஷனை வெச்சு நான் என்ன எழுதறது? மிச்ச நாளைக்கு செவில் போயிடலாம்னு பாக்கறேன்."

"இன்னும் ஒரு தரம் பேசிப் பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் ஐல்சா உங்கள் அப்பாவிடம் 1962ஆம் வருடத்து மே மாதத்தைப் பற்றிக் கேட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. உங்கள் அப்பாவின் உயிர் நண்பர் ஃபௌஸ்தீனோ அச்சகத்தில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்துத் திருட்டுத்தனமாகத் துண்டறிக்கை அடித்தார். விடியற்காலையில் இரகசிய போலீஸ் வந்து பிடித்துப் போனது. மூன்று வருடம் கழித்து இருமிக்கொண்டே திரும்பி வந்தார், அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

உங்கள் அப்பா சொன்னார்: "அன்னைக்கு நான் வேலைக்குப் போகல வாத்தியாரே. காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிச்சுது. போயிருந்தா அவனோட சேத்து என்னையும் தூக்கியிருப்பானுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். காய்ச்சலை விட்டுவிட்டேன்.

ஐல்சாவின் பேனா நின்றது. "எப்படித் தெரியும்னு கேளுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. நான் உங்கள் அப்பா பக்கம் திரும்பி, "காய்ச்சல் ரொம்ப அதிகமா? யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு, என் அமேலியாதான். வினிகர்ல துணிய நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டா. பிழைக்க மாட்டேன்னு நெனச்சுட்டா பாவம். கடைசியில அவதான் முந்திக்கிட்டா."

அவர் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார், ஆனால் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஐல்சா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. 'அவர்கள் என்னிடம் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டார்கள்' என்று உங்கள் அப்பா சொன்னதாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஐல்சா செவிலுக்குப் போகவில்லை.

அந்தப் பேச்சை ஐல்சா பதிவு செய்திருந்த ஒலிநாடாவை அவரிடமிருந்து வாங்கி நீங்களே கேட்டுவிட்டீர்கள். அதில் அப்பாவின் குரலும் இருக்கிறது, என் குரலும் இருக்கிறது. நான் எதையும் மறைத்துவைக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த எவரும் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கலாம்.

புத்தகம் ஒன்றரை வருடத்தில் வந்தது. அந்த அத்தியாயத்தின் முதல் வரியே என்னுடைய வரி. போர்த்துகீசிய மொழிபெயர்ப்பும் என்னிடமே வந்தது. அப்போது சரிசெய்ய வழி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மாலை முழுக்க அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தேன்.

ஐல்சா பெயரை மாற்றியிருந்தார். ஆனால் அந்த அச்சகம், அந்தத் தெரு, அந்த நண்பன் என்று இருந்தால் இங்கே யாருக்குத் தெரியாது? நாலு பேர் ஆடும் சீட்டு அது, மூன்று பேரால் ஆட முடியாது. மற்ற மூவரும் வேறு ஆளையும் சேர்க்கவில்லை, அவரையும் கூப்பிடவில்லை. சீட்டுக்கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் அப்பா வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

நவம்பரில் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "கண்ணு சரியில்ல வாத்தியாரே. என்னைப் பத்தி என்னதான் போட்டிருக்கு? படிங்க." படித்தேன். நிதானமாக, வகுப்பில் படிப்பது போல.

"இப்படி நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னேனே."

"அதையும் சொன்னீங்க. அப்புறம் அழுதீங்க. அதுக்கப்புறம் இதைச் சொன்னீங்க."

அழுதது அவருக்கு நினைவிருந்தது. அது போதுமானதாக இருந்தது. "நான் ஏன் அப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். வயதானால் மனம் சிலவற்றை மூடி வைத்துக்கொள்ளும், பிறகு எதிர்பாராத நேரத்தில் திறந்துவிடும் என்று விளக்கினேன். எங்கோ படித்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தலையாட்டினார். படித்தவன் சொல்கிறான் என்ற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபௌஸ்தீனோவின் மனைவி பியெதாதேயிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். அந்தம்மா சத்தம் போடவில்லையாம். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து சூப்பு குடிச்சியே பெல்மிரோ. எத்தனை வருஷமா குடிச்சே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாராம். கோடையில் எங்கள் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பிப்ரவரியில் அப்படியில்லை. செவ்வாய்க்கிழமை கீழ்ப்பாலத்தருகே அவரைக் கண்டெடுத்தார்கள். அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன், உங்களுக்குக் கை கொடுத்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பியெதாதே வீட்டுக்குப் போகும் முன், அவர் என்னிடம் வந்தார். சவரம் செய்து, கோட்டுப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வாத்தியாரே, அந்தம்மா ஒரு டேப்பு ஓட்டினாங்களே, அது எங்கயாச்சும் இருக்குமா? என் குரல்ல ஒரு தரம் கேட்டுட்டேன்னா போதும். செஞ்சேனா இல்லையான்னு தெரிஞ்சுக்குவேன்."

மொழிபெயர்ப்பு வேலைக்காக ஐல்சா எனக்கு நகல்கள் அனுப்பியிருந்தார். உங்கள் அப்பா கை வைத்திருந்த மேசையின் இழுப்பறையில்தான் இருந்தன.

"அதெல்லாம் அழிச்சிட்டாங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். மேசையிலிருந்து கையை எடுத்தார். "என் மேல இரக்கப்பட்டு அழிச்சிருக்காங்க போல. அப்போ நான்தான் செஞ்சிருக்கணும். இத்தனை நாளா அது ஒண்ணுதான் புரியாம இருந்துச்சு."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாதக்கணக்கில் குழம்பிக் கிடந்த மனிதர், ஒதேத். அன்று அவர் முகம் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.