டெலானாவுக்கு ஒரு தட்டு

— எத்தி, கொல்லையில அந்தக் கிடாயைக் கட்டினது யாரு?

— உன் அக்கா வீடு, உன் அக்கா கொல்லை. ஈனாவைப் போய்க் கேளு. கொஞ்சம் நகரு மனுஷா, பெருக்கணும்.

— லீவுல வந்த இடத்துலயும் தொடப்பமா? ஹடர்ஸ்ஃபீல்டு முதியோர் இல்லத்துல வருஷம் பூரா பெருக்குறது பத்தலையா உனக்கு? கீழ வை. பத்து மணிக்குப் படகு வருது. சாண்டி தீவுக்குப் போறோம், மீனைச் சுட்டுத் தின்னுட்டு மணல்ல காலை நீட்டிப் படுக்கறோம். பாரு, நான் தொப்பி கூட போட்டாச்சு.

— போட்டுக்கிட்டுப் போ. அழகாத்தான் இருக்கு.

— ரெண்டு வாரத்துல பன்னெண்டு நாள் ஓடிப்போச்சு. நீ இன்னும் ஒரு தடவை கடல்ல காலை நனைக்கல.

— காலை நனைக்கணுமா? அந்தக் கடல்லயா, நார்பர்ட்?

— ஏதோ நெனப்புல சொல்லிட்டேன். சரி, விடு.

— சரி விடு, சரி விடு. பதினோரு வருஷமா உன் வாயில வேற சொல்லே கிடையாது. நீ ஓட்டுற பஸ்ஸுல ஏறுற சனங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவியா?

— அவங்ககிட்ட 'உள்ள தள்ளிப் போங்க'ன்னு சொல்லுவேன்.

— சிரிப்பு மூட்டாதே. சிரிக்கிற நாள் இல்ல இது.

— ஏன், இன்னைக்கு என்ன? எத்தி... சீமைப்பலா மரத்தடியில கல்லறைக் கல்லு மேல கிடந்த தார்ப்பாயைக் காணோம். காலையில பார்த்தேன். கல்லை யாரோ கழுவி வேற வெச்சிருக்காங்க.

— நான்தான் கழுவினேன். சோப்புப் போட்டு, தேங்கா நாரால தேய்ச்சு. எழுத்துக்குள்ள எல்லாம் எறும்பு கூடு கட்டியிருந்தது. எம்பொண்ணு பேருக்குள்ள எறும்பு.

— எதுக்குக் கழுவின?

— நாளைக்கு அவ கல்லறையில நிறுத்தப் போறோம்.

— யாரைக் கேட்டு?

— நீ கத்தாதே. பெத்தவ நான். யாரைக் கேக்கணும் நான்?

— நானும்தான் பெத்தேன்! கல்லு வாங்கிப் போட்டப்பவே சொன்னேன்ல, அவசரமில்லன்னு? நாம நிம்மதியா இருந்துட்டுப் போகத்தானே வந்தோம்? வெயில் காயலாம், தூங்கலாம், லம்பிச் சங்கு சூப்பு குடிக்கலாம்னு சொன்னதுக்கு நீ தலையாட்டினியா இல்லியா?

— ஆட்டினேன். வேற என்ன சொன்னா நீ டிக்கெட் எடுத்திருப்ப? ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு உனக்கு. மேஸ்திரி கிடைக்கல, பாதிரியார் ஊருல இல்ல, லீவு கொடுக்க மாட்டேங்கறாங்க. என் புள்ள மண்ணுக்கடியில பேரில்லாம கிடக்கா.

— எங்கக்கா எப்படி ஒத்துக்கிட்டா? கனவு வராம கல்லு நிறுத்தவே விட மாட்டாளே அவ. செத்தவங்களே கனவுல வந்து சாப்பாடு கேக்கணும்னு சொல்லுவா. கேக்காம விருந்து வெச்சா செத்தவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்கன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவளாச்சே.

— கனவு வந்துச்சு.

— யாருக்கு?

— எனக்குத்தான். செவ்வாக்கெழமை வந்தா. வந்து சாப்பாடு கேட்டா. காலையில எழுந்ததும் ஈனாகிட்ட சொல்லிட்டேன். அவ உடனே கிடாய்க்குச் சொல்லி அனுப்பிட்டா. மத்தளக்காரங்களுக்கும் சொல்லியாச்சு.

— எத்லின் பொண்ணே! உள்ள என்ன குசுகுசுன்னு? மாவு சலிச்சு வெச்சிருக்கேன், துவரையும் உரிச்சாச்சு. நாளைக்குக் களி கிளற இப்பவே கரண்டியைத் தேடி வை. டெலானா தட்டுல விழுற களி அம்மா கையால கிளறினதா இருக்கணும், என் கை ஆகாது!

— வரேன் ஈனா! ரெண்டு நிமிஷம்!

— என் தம்பி என்ன பண்றான்? தொப்பியைப் போட்டுக்கிட்டு வெள்ளைக்காரன் மாதிரி நிக்கறானா? ஆண்டவரே, கிடாயைப் புடிக்க ஒரு ஆம்பளை இல்ல இந்த வீட்டுல!

— அவர் வரார்! நீங்க போங்க!... என்ன அப்படிப் பார்க்கற, மனுஷா?

— கனவுல எப்படி வந்தா?

— எப்படின்னா?

— என்ன உடுத்தியிருந்தா?

— மஞ்ச கவுன். கழுத்துல வெள்ளை நாடா வெச்சது.

— அது ஹால்ல மாட்டியிருக்கற போட்டோவுல இருக்கற கவுன்.

— இருந்தா என்ன? அதுல வரக் கூடாதா?

— அவ அதுல வர மாட்டா, எத்தி. சரி, விடு. படகு வந்துடும்.

— என்ன சொன்ன நீ?

— ஒண்ணும் சொல்லல.

— 'வர மாட்டா'ன்ன. அப்போ எதுல வருவா? நார்பர்ட், என் முகத்தைப் பாரு. தொப்பியைக் கழட்டு. எதுல வருவா?

— என் கோட்டுல.

— எந்தக் கோட்டுல?

— பஸ் கம்பெனி கோட்டு. பழைய நீலக் கோட்டு. சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு என் பஸ்ஸுல ஏறினா குளுருதுன்னு அதைத்தானே மாட்டிக்குவா? முழங்காலுக்குக் கீழ தொங்கும். இப்ப என் கனவுலயும் அதேதான். கடைசி ஸ்டாப்புல ஏறுவா. பஸ்ஸுல வேற யாரும் இருக்க மாட்டாங்க. உக்காரச் சொன்னா உக்கார மாட்டா, என் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நிப்பா. கால்ல செருப்பு இருக்காது. மணல் ஒட்டியிருக்கும்.

— எத்தனை தடவை?

— எண்ணல.

— எத்தனை தடவைன்னு கேட்டேன்.

— மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு. மழை நாளா இருந்தா கூடுதலா வருவா.

— பதினோரு வருஷமா?

— மூணாவது மாசத்துலேர்ந்து.

— ஐயோ... நார்பர்ட்! நான் என்னவெல்லாம் செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா? உன் பக்கத்துலதானே படுத்திருந்தேன்? அவ தலையணையை என் தலைக்கடியில வெச்சுப் படுத்தேன். அவ பேரைச் சொல்லிச் சொல்லித் தூங்கினேன். இல்லத்துல கிழவிங்க எல்லாம் செத்துப்போன புருஷனைக் கனவுல பார்த்தேன்னு சொல்லும்போது வயிறு எரிஞ்சது எனக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்தா போதும்னு கிடந்தேன். நீ பக்கத்துலயே படுத்து அவளைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்க. காலையில எழுந்து டீ போட்டுக் குடுத்திருக்க.

— சொல்லணும்னுதான் நெனப்பேன்.

— அப்புறம் ஏன் சொல்லல?

— சொன்னா நீ அன்னைக்கே ஈனாவுக்கு போன் போடுவ. ஈனா கிடா வாங்குவா. கல்லை நிறுத்துவாங்க, தண்ணியும் ரம்மும் ஊத்துவாங்க, தட்டை உள்ள வெச்சுக் கதவைச் சாத்துவாங்க. அவ சாப்பிடுவா. சாப்பிட்டுப் போயிடுவா. எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. கல்லு நிறுத்தற வரைக்கும் வாரம் தவறாம வந்து, வலை கிழிஞ்சிருக்கு, தைடான்னு திட்டிட்டுப் போவாரு. நிறுத்தினோம். அன்னைக்கோட சரி. இருபத்தாறு வருஷம் ஆச்சு, ஒரு வசவு கூட வரல. எங்கப்பா குரலே மறந்துபோச்சு, எத்தி. இவ குரலையும் மறக்கச் சொல்றியா?

— அதுக்காகப் புள்ளையைப் பட்டினி போடுவியா?

— கொஞ்ச நாள்தான்னு நெனச்சேன்.

— கனவு கண்டேன்னு நான் சொன்னது பொய். பொய்தான். அவ வரல. இனிமேலும் வர மாட்டான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். எதுக்கு வருவா? அன்னைக்கு அவகிட்ட நான் சொன்னது உனக்குத் தெரியாது.

— தெரியும்.

— தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல.

— அந்த லீவுல நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். கையில பேப்பர் இருந்தது. நீ களி கிளறி வெச்சிருந்த. தினமும் இதையேவா திங்கறது, கடற்கரையில போய் சிப்ஸ் வாங்கிக்கறேன்னு தட்டைத் தள்ளிட்டா.

— தட்டு கீழ விழுந்து உடைஞ்சது. நான் வெயில்ல அடுப்புகிட்ட நின்னு கிளறினது. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. போ, போ, பசிக்குதுன்னு என் முன்னால மட்டும் வந்து நிக்காதேன்னேன். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல திரும்பி வருவா, வந்து கழுத்தைக் கட்டிக்குவான்னு புதுசா ஒரு தட்டு போட்டு மூடி வெச்சேன். கடற்கரையில இருந்த பசங்களோட படகுல ஏறுவான்னு யாரு கண்டா? ரெண்டு நாள் கழிச்சுக் கடல்லேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க. அப்பவும் அந்தத் தட்டு மூடினபடியே இருந்தது, நார்பர்ட்.

— அழாதே.

— பதினெட்டு வயசுப் புள்ளை. வெறும் வயித்தோட. நான் சொன்ன சொல்லை அப்படியே புடிச்சுக்கிட்டா பாரு. செத்தும் என் முன்னால வந்து நிக்கல. அவ என்னை மன்னிக்கல. அதனாலதான் பொய் சொன்னேன். அவ கேக்கலைன்னாலும் என் கையால ஒரு தட்டு வெச்சுட்டுப் போயிடணும்னு. முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் சரின்னு.

— எத்லின்! படகுக்காரன் வந்து நிக்கறான், வரீங்களா இல்லியான்னு கேக்கறான்! களியை எப்பத்தான் பார்க்கப் போற?

— வரலைன்னு சொல்லி அனுப்பிடுங்க ஈனா! அவரும் வரல!... நார்பர்ட், ஒண்ணே ஒண்ணு சொல்லிடு, அப்புறம் நான் எதுவும் கேக்கல. பஸ்ஸுல நின்னுக்கிட்டு அவ என்ன பேசுவா? என்னைத் திட்டுவாளா?

— இல்ல.

— பசிக்குதும்பாளா?

— அதைக் கூட சொல்ல மாட்டா.

— பின்ன என்னதான் கேப்பா?

— 'அம்மாவுக்குக் கோவம் போயிடுச்சாப்பா? நான் போய் சாப்பாடு கேக்கட்டுமா?'ன்னு கேப்பா. அதை மட்டும்தான் கேப்பா, எத்தி.

— நீ என்ன சொன்ன?

— சரி, விடு.

— விட மாட்டேன். எம்பொண்ணுகிட்ட நீ என்ன சொன்ன, நார்பர்ட்?

— இன்னும் கோவமாத்தான் இருக்காம்மா, அடுத்த தடவை வந்து கேளுன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன்.