சைபர் சரியாகத்தான் இருந்தது

இரும்புக் கட்டியைத் தூக்கித் தொங்கவிடச் சலித்துக்கொள்கிறவர்கள் என் வேலைக்கு வரக்கூடாது. இருபது வருடத்தில் நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

சோச்சா பள்ளத்தாக்கில் மலையேறுகிறவர்களின் கயிறு, கொக்கி, பாறையில் அடிக்கும் வளையம் எல்லாம் எங்கள் சோதனைக்கூடத்துக்குத்தான் வரும். ஒரு முனையை இயந்திரம் இழுக்கும். மறுமுனையில் உள்ள சென்சார், எத்தனை கிலோ இழுவை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வளையம் ஆயிரத்து இருநூறு தாங்கினால் தேர்ச்சி. சென்சாரை நம்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்றும் தொங்காதபோது சைபர் காட்ட வைக்க வேண்டும். பிறகு நூறு கிலோ கட்டியைத் தொங்கவிட்டு, இது நூறு என்று பதிய வேண்டும். முதலாவதற்கு ஒரு பொத்தான் போதும். இரண்டாவதற்குச் சங்கிலிக் கப்பியும் அரை மணி நேரமும் நல்ல முதுகும் வேண்டும். சைபர் சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்று நினைப்பது எங்கள் தொழிலுக்கே உரிய முட்டாள்தனம். எங்கள் தலைவர் போகோமிர் ஹ்ராஸ்டிடம் அது நிறையவே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் சென்சாரின் கேபிள் முனை தளர்ந்து, திரையில் எண்கள் தாறுமாறாக ஓடின. நான் முனையை மாற்றினேன்.

"கட்டியத் தொங்கவிட்டுப் பாத்துடலாம் சார்," என்றேன்.

"சைபர் காட்டுதா இல்லையா?"

"காட்டுது. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? நீ அந்தக் கட்டியையே கட்டிக்கிட்டு அழு, ஸ்டென்கா. வாங்க வந்தவன் வாசல்ல நிக்கிறான்."

அன்று தேர்ச்சி பெற்ற வளையம் ஒன்று முறிந்துதான் என் தம்பி டிலென் விழுந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. 'முடிச்சைச் சரியாகப் போடவில்லை' என்று ஹ்ராஸ்ட் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இறைச்சியை மென்றுகொண்டே என் அம்மாவிடம் சொன்னார்: "துடுக்குப் பையன்மா. அவசரக்காரன்னு நான் அப்பவே சொன்னேன்." அம்மா தலையாட்டினாள். பெற்ற பிள்ளையைப் பற்றி அதை நம்பிவிட்டாள். அதற்காகத்தான் அவரை வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன்.

ஆகஸ்டில் ஹ்ராஸ்ட் தன் சொந்த மலையேற்றத்துக்குப் புது வளையங்கள் வரவழைத்தார். அவர் வருமுன் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். எண்ணூறிலேயே முறிந்தது. பதம் கெட்ட உலோகம். சொல்லியிருக்கலாம். நான் கப்பியில் நூறு கிலோ கட்டியை ஏற்றினேன், கம்ப்யூட்டரில் நூற்றைம்பது என்று பதிந்தேன், கட்டியை இறக்கினேன். திரை சைபருக்குத் திரும்பியது.

அவர் வந்தார், பொத்தானைத் தட்டினார், சைபரைப் பார்த்துத் திருப்தியானார். மாதிரிக்கு இரண்டு வளையங்களை இழுத்து முறித்தார். இரண்டுக்கும் ஆயிரத்து இருநூறு காட்டியது.

"கட்டியத் தொங்கவிட்டுப் பாக்கலாமா சார்?" என்று மூன்று முறை கேட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று சிரித்தார்.

தொங்கவிட்டிருந்தால் திரை நூற்றைம்பது காட்டியிருக்கும், என் குட்டு வெளிப்பட்டிருக்கும், அவரும் இன்று உயிரோடு இருப்பார். செப்டம்பரில் நடுப்பாறையில் மீதி வளையங்களில் ஒன்று முறிந்ததற்கு அவருடைய சோம்பல்தான் காரணம் என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பரவாயில்லை.

அவருடன் விழுந்த மகள் யெரிசாவைப் பற்றிக் கேட்டீர்கள். பத்தொன்பது வயது, தங்கமான பெண். ஒவ்வொரு நவம்பரிலும் டிலெனின் கல்லறையில் எங்களோடு மெழுகுவத்தி ஏற்ற வந்தவள் அவள் ஒருத்திதான். அவள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. நேற்று முழுக்க அவளுக்காகத்தான் அழுதேன். அவள் அன்று கூடப் போனது அவளுடைய கெட்ட நேரம் என்று உங்களிடம் சொன்னேன். அது மட்டும் முழு உண்மை இல்லை, ஐயா. ஹ்ராஸ்ட் ஒருவர் மட்டும் விழுந்தால் வளையத்தின் மேல் அறுநூறு கிலோ இழுவைதான் வரும். எண்ணூறு தாங்கும் வளையம் முறியாது. ஒரே கயிற்றில் இரண்டு பேர் வேண்டும். அதனால் அவர் தனியாகப் போன இரண்டு ஞாயிறும் பழைய வளையங்களையே எடுத்துக் கொடுத்தேன். மகளையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்ன வாரம்தான் புதியவற்றை அவர் பையில் வைத்தேன்.