விசில் வராத குக்கர்

அன்புக்குரியவங்களே, "ஃபோன்லதான் வாராவாரம் பேசுறோமே, அப்புறம் என்ன ஏக்கம்?"னு இந்த மேடையில எனக்கு முன்னாடி பேசினவர் கேட்டார். அதுக்குப் பதிலா ஒரு சின்னக் கதை தெரியும்... அதச் சொல்லிடறேன், கேளுங்க.

பக்கத்து மாதா கோயில் பங்குல அமலோற்பவம்னு ஒரு அம்மா. சத்துணவுக் கூடத்துல சமைக்கிறவங்க. அவங்க ஒரே மக ஜெனிட்டா, அயர்லாந்துல நர்ஸ். ஞாயித்துக்கிழமைன்னா மக ஃபோன் பண்ணுவா. இங்க சாயங்காலம், அங்க மதியம். அவ அடுப்புல மாட்டுக்கறி வெந்துட்டிருக்கும். பேச்சு பெருசா ஒண்ணும் இருக்காது. அங்க மழையா... மழைதான்மா. சளி விட்டுச்சா... விட்டுருச்சும்மா. அப்புறம் ரெண்டு பேரும் பேசாம இருப்பாங்க. எதுக்குக் காத்திருக்காங்க? குக்கர் விசிலுக்கு! கடைசி விசில் வந்ததும் இந்தம்மா சொல்லுவாங்க, "சரி, அடுப்ப அணைச்சிரு. ஆறுறதுக்குள்ள சாப்பிடு." அதுக்கப்புறம்தான் இவங்க தட்டுல சோறு விழும்.

மகளோட தங்கியிருந்த பொண்ணுங்க நைட் டியூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குறவங்க. விசில் சத்தத்துல தூக்கம் கெடுதுன்னாங்க. சரின்னு ஜெனிட்டா ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிட்டா. கரண்ட்ல ஓடுற பானை. காலையில கறிய முழுத் துண்டா வச்சு, உப்பு, மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு, அம்மா அனுப்பின மசாலாப் பொடி எல்லாம் தடவி மூடிட்டா போதும். பொழுதுக்கும் அது பாட்டுக்கு வேகும். கரண்டியால தொட்டா நார் நாராப் பிரிஞ்சு வரும்.

ஆனா... விசில் வராது.

அடுத்த ஞாயிறு அம்மா காத்திருந்தாங்க. வரல. இது விசில் வராத குக்கர்மான்னு மக சொன்னா. வீடியோல காட்டவும் செஞ்சா. கண்ணாடி மூடிக்குள்ள கறி அசையாம கிடக்கு. தளதளன்னு ஒரு கொதி இல்ல. அடியில தீ இல்ல. அம்மா, பிள்ள ரொட்டியக் கடிச்சிட்டுக் கிடக்கு, நமக்குக் காட்டுறதுக்காகப் பச்சைக் கறிய உள்ள வச்சிருக்குன்னு நினைச்சிட்டாங்க. அன்னிக்கு இவங்க தட்டு கவுத்தது கவுத்தபடியே இருந்துச்சு.

எதிர்வீட்டு சகாயம் இருக்காரே, கேலிக்காரர். "என்னக்கா, ஊருக்கே சமைக்கிறீங்க... விசில் வரலன்னா வாஷர் போச்சுன்னு தெரியாதா?"ன்னாரு. அவர் சும்மா சொன்னது. இந்தம்மா நேரா கடைக்குப் போனாங்க. ஒரு ரப்பர் வாஷர் வாங்கி, மசாலாப் பொடியோட கட்டி, அயர்லாந்துக்கு அனுப்பிட்டாங்க.

சிரிங்க, பரவாயில்ல. பார்சலப் பிரிச்ச மகளும் முதல்ல சிரிச்சா. அப்புறம் அந்த வாஷர வளையல் மாதிரி கையில போட்டுக்கிட்டாளாம்.

அந்த ஞாயிறு அவ வீடியோ போடல. "வாஷர் மாட்டுனியா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"மாட்டுனேன்மா."

அம்மா ஃபோனக் காதோட அழுத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஃபோனுக்குள்ள... உஸ்ஸ்ஸ்ஸ்... நடுவுல மூச்சு வாங்கி, மறுபடியும்... உஸ்ஸ்ஸ்...

எந்தக் குக்கராவது மூச்சு வாங்குமா? மகதான். பல்லக் கடிச்சுக்கிட்டு வாயால விசில் விடுறா. காலமெல்லாம் அடுப்படியில நின்ன அம்மாவுக்கு அது தெரியாதா? தெரிஞ்சிருச்சு. முந்தானையால கண்ணத் துடைச்சாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா?

"சரி... அடுப்ப அணைச்சிரு. ஆறுறதுக்குள்ள சாப்பிடு."

சொல்லிட்டுத் தட்ட எடுத்தாங்க.

எப்ப வர்றன்னு இவங்க கேக்கல. வரணும்போல இருக்கும்மான்னு அவ சொல்லல. ரெண்டும் அந்த மூச்சுக்குள்ள இருந்துச்சு.

லீவுல வந்திருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, நாளைக்குத் திரும்பிப் போயிருவீங்க. வீட்டுல இருக்கிறவங்க உங்க பேச்சுக்கா காத்திருக்காங்க? பிள்ள நல்லா இருக்கு, சாப்பிடப் போகுதுங்கிற ஒரு சத்தத்துக்குக் காத்திருக்காங்க. கறி சத்தமில்லாம வேகட்டும், அதுக்கு அதுதான் ருசி. நீங்க அப்படி வேகாதீங்க. ஏதாவது ஒரு சத்தம் குடுங்க. பொய் விசிலா இருந்தாலும் பரவாயில்ல... இங்க ஒருத்தங்க தட்டக் கவுத்து வச்சிட்டு உக்காந்திருக்காங்க.