நீல மூடி டப்பா

“ஹலோ... ஹலோ... பெரிய கரண்டிங்களா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவனின் போனில் அந்தத் தலைமைச் சமையல்காரியின் எண்ணுக்கு அப்படித்தான் பேர் போட்டிருந்தது. காலையில் அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து எண்ணை எடுத்து, அரிசி டின் மூடியில் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தாள்.

“மன்னிச்சுக்குங்க... உங்க பேரு எனக்குத் தெரியாது. எங்க வீட்ல அப்படிச் சொல்லியே பழகிப்போச்சு... யாரா? உங்க கேட்டரிங் வேன் ஓட்டறாரே, அவரு வீட்டுக்காரி... ஆமா, ஆமா... ஐயோ, பதறாதீங்க, யாருக்கும் ஒண்ணும் இல்ல. உங்ககிட்டதான் ரெண்டு வார்த்தை பேசணும்... அவரு பக்கத்துல இருக்காரா?... பாத்திரம் ஏத்திட்டு இருக்காரா? நல்லது. கூப்பிடாதீங்க. நான் போன் பண்ணினதா மூச்சு விட்டுடாதீங்க... என்ன சத்தம் அது? சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? அப்புறமா பண்ணட்டுமா?... சரி, நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. நான் சுருக்கமா சொல்லிடறேன்.”

சுருக்கமாகச் சொல்வது அவளுக்குப் பிறவியிலேயே வராத வித்தை. ஆனால் இன்றைக்கு ஒத்திகை பார்த்திருந்தாள். சிரித்த முகமாகப் பேச வேண்டும், குரல் உயரக்கூடாது, காரியம் முடிய வேண்டும். முன்னறையில் மாமனார் பகல் தூக்கத்தில் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரம் இருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“ஒண்ணுமில்ல... கல்யாண மண்டபத்துல மிஞ்சற சாப்பாட்டை எங்களுக்குக் குடுத்து விடறீங்கல்ல... இல்ல இல்ல, நன்றி சொல்லப் பண்ணல... நன்றியும்தான், வெச்சுக்குங்க. ஆனா இனிமே வேண்டாம்னு சொல்லத்தான்... கெட்டெல்லாம் போகல... முடி கிடந்துதாவா? சேச்சே... தெரியும்ங்க, பந்திக்கே போகாத பாத்திரத்துலேருந்துதான் எடுத்து வெக்கறீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு. அதுல ஒண்ணும் குறை சொல்லல... எங்க மாமனாருக்கு வயசாயிடுச்சு பாருங்க. எண்ணெய் ஒத்துக்கல... ஆமா, வயிறு... நேத்தா? நேத்து ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு... அதான் சொல்றேன்ல, அதான் ஒத்துக்கல!”

பொய் சொல்வதில் அவளுக்கு இவ்வளவுதான் சாமர்த்தியம். மறுமுனையில் இருப்பவள் பெரிய பெரிய அண்டாக்களை அடிபிடிக்காமல் இறக்குகிறவள். இந்தச் சின்னப் பொய் அடிபிடிக்கும் வாசனை அவளுக்கு எட்டாமலா போகும்?

“...சரி, விடுங்க. வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உண்மையையே சொல்லிடறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அந்த மனுஷருக்கு ஆக்கிப் போடறேன். உப்பு கம்மின்னும் சொன்னதில்ல, ஜாஸ்தின்னும் சொன்னதில்ல. சுவத்துக்குப் பரிமாறின மாதிரி இருக்கும். நேத்து உங்க குழம்பைச் சாப்பிட்டுட்டு, விரலை நக்கிட்டு, ‘நல்லா இருக்கு’ங்கறாரு! அந்த வாய்க்குள்ள அப்படி ஒரு வார்த்தை இருக்கறதே எனக்கு நேத்துதான் தெரியும்... எதுக்குச் சிரிக்கறீங்க? சிரிங்க, சிரிங்க. ஜெயிச்சவங்க சிரிக்கத்தானே செய்வாங்க.”

குரல் உயர்ந்துவிட்டது. முன்னறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

“என் பொண்ணு இருக்காளே, அவ அதுக்கு மேல. வேன் சத்தம் கேட்காம தட்டையே எடுக்கறதில்ல. நான் அடுப்புல வெச்சது வெச்சபடி இருக்கும், இவ வாசல்ல நிப்பா. நேத்து சொல்றா, ‘நீ ஏம்மா கஷ்டப்படறே, இனிமே சமைக்கவே வேண்டாம்’னு... பாசமாத்தான் சொன்னா. அதுதாங்க தாங்கல. திட்டியிருந்தாகூட ரெண்டு வெச்சிருப்பேன்... ஆமா. ஆமாங்க, வயித்தெரிச்சல்தான். இல்லேங்கல. வேற என்ன பேரு வெக்கறது இதுக்கு?”

சொல்லிவிட்டதும் கொஞ்சம் லேசாக இருந்தது. இதுவரை யாரிடமும் இந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “கொடுத்து வெச்சவடி நீ, கல்யாணச் சாப்பாடு வீடு தேடி வருது” என்பாள். அதற்கும் பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே புகைந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அவரு வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா உங்க பேச்சுதான். பெரிய கரண்டி ருசி பார்க்காமலே இறக்கினாங்க, பெரிய கரண்டி ஆவியை மோந்தே உப்பு சொன்னாங்க, பெரிய கரண்டி மாப்பிள்ளையோட சித்தப்பாவையே சமையக்கட்டை விட்டுத் துரத்தினாங்க... நெஜமாவே துரத்தினீங்களா?... நல்லா வேணும். அதை விடுங்க. நீங்க எப்படி இருப்பீங்கன்னு நான் யோசிக்காத நாள் இல்ல. உயரமா, செவப்பா, சிரிச்ச முகமா... என்னது, முட்டிவலியா? ரெண்டு காலுமா?... அடடா. சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கறீங்களா?... இருங்க இருங்க, பேச்சை மாத்தாதீங்க. நான் சண்டை போடத்தான் பண்ணினேன்.”

மறுபக்கம் மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கைவசம் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது. அதையும் இறக்கிவிட்டாள்.

“ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. மாமனாரை வளைச்சீங்க, பொண்ணை வளைச்சீங்க. எங்க வீட்டுக்காரரை உங்களால அசைக்க முடியல. மத்தியானத்துக்கு நான் கட்டிக் குடுக்கறதைத்தான் சாப்பிடறாரு. அத்தனை அண்டா பக்கத்துல கொதிச்சாலும் என் டப்பாதான் அவருக்கு. சாயந்திரம் திரும்பி வரும்போது பாருங்க, வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கும். ஒரு பருக்கை இருக்காது. அதைப் பார்த்துத்தான் மறுநாள் அடுப்பையே பத்த வெக்கறேன்... ஹலோ?... என்னங்க, லைன்ல இருக்கீங்களா?... ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்தாள். தோற்றவளிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளலாமே என்று தோன்றியது.

“பரவாயில்ல, விடுங்க. நீங்க சாப்பிடுங்க. ஆமா, என்ன சாப்பாடு இன்னிக்கு?... கத்தரிக்காயா? கல்யாணத்துல கத்தரிக்காயா போட்டாங்க?... கல்யாணச் சாப்பாடு இல்லையா? அப்புறம்?... நீளவாட்டுல கீறி, எண்ணெய்ல சுருள வதக்கினதா?... மேல எள்ளுப்பொடியா?... இருங்க. எந்தப் பாத்திரத்துல சாப்பிடறீங்க?... டப்பாவா? என்ன கலர் மூடி?... நீலமா? ஓரத்துல உருகின மாதிரி ஒரு தழும்பு இருக்கா?”

அந்தத் தழும்பு அவள் வைத்தது. ஒரு நாள் அவசரத்தில் மூடியைச் சூடான அடுப்பின்மேல் வைத்துவிட்டாள்.

“அது என் டப்பாங்க.”

ஃபிரிட்ஜின் மோட்டார் உறுமி நின்றது. அவள் மெதுவாக நழுவித் தரையில் உட்கார்ந்தாள்.

“...எப்போலேருந்து?... போன மழைக்காலத்துலேருந்தா! தினமுமா?... மாத்திக்கறீங்களா? அப்போ அவரு?... உங்க குழம்பை ஊத்தி, நின்னுக்கிட்டே சாப்பிடறாரா?... இவ்வளவு நாளா நான் விடிகாலையில எழுந்து கட்டினதெல்லாம்... வேண்டாம், சமாதானம் சொல்லாதீங்க. அந்தக் காலி டப்பாவை நான் என்னென்னமோ நெனச்சுக் கழுவிட்டு இருந்தேங்க... வெட்கமா இருக்கு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் போனார், மகள் போனாள், கடைசியில் கணவனும் அந்த அண்டாவுக்குள்ளேயே விழுந்துவிட்டான். இந்த வீட்டில் அவள் கைச் சோற்றை விரும்பிச் சாப்பிட ஒரு ஜீவன் இல்லை. போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் மறுமுனையில் அந்தக் கரகரத்த குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது.

“...உம்... உம்... ஏன் முடியாது?... நீங்க ஆக்கினது உங்களுக்கே இறங்காதா?... ஆவியிலேயே வயிறு நிறைஞ்சிடுமா? வாயில வெச்சா குமட்டுமா?... அப்போ இத்தனை வருஷமா என்ன சாப்பிட்டீங்க?... டீயும் பன்னுமா! ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு டீயும் பன்னுமா?... சரி... சரி... முதல்ல மாத்திக்கிட்ட அன்னிக்கு நான் என்ன பண்ணியிருந்தேன்?... கீரையா... ஒரு வாய் எடுத்தீங்களா?... அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ மட்டும் வேறு குரலில் வந்தது.

“...நெஜமாவா?... சும்மா சொல்லாதீங்க... எள்ளை எதுல வறுப்பேனா? மண்சட்டியில, எண்ணெய் விடாம... அதைக் கண்டுபிடிச்சீங்களா? எங்க வீட்ல ஒருத்தரும் கண்டுக்கல... போன வாரம் பருப்பா? அதுல கொஞ்சம் புளிப்பு தூக்கலா போச்சேன்னு எனக்கே... பிடிச்சிருந்துதா? அதைத்தான் வழிச்சீங்களா?... இதையெல்லாம் எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?... தினமும் சொல்லி அனுப்பினீங்களா? அவர்கிட்டயா? ஒரு வார்த்தை வரலையே எனக்கு!... சொன்னா நான் கோவிச்சுப்பேன்னு பயந்தாரா?... கோவிச்சுப்பேன்தான். அதுக்காகச் சொல்லாம இருக்கலாமா?... என்னைப் பத்தி அங்க பேசுவாரா? என்னன்னு?... என் பொண்டாட்டி கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னா! ஓஹோ. அதை எங்கிட்ட சொன்னா வாய் வலிக்குமா?... சரி, மாமனார் நல்லா இருக்குன்னு சொன்னதை இன்னிக்குக் காலையில உங்ககிட்ட சொன்னாரா?... சொல்லலையா! அதான் அப்போ அப்படிச் சிரிச்சீங்களா?... அக்கா, என்னக்கா இது, என் புகழை அங்க இறக்கறாரு, உங்க புகழை இங்க இறக்கறாரு. வண்டி ஓட்டறவருக்கு விலாசம் தெரியாம போச்சா!”

அக்கா என்று எப்போது மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் பொறாமை ஒரேயடியாகப் போய்விடவில்லை. தன் சமையலை இவ்வளவு நாளாக ஒருத்தி ருசித்திருக்கிறாள், அதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான், ஆக்கிய தனக்கு மட்டும் காலி டப்பா. இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது கணவன்மேல்.

“...என்ன கேட்டீங்க?... உங்க சாப்பாடா? எப்படி இருக்குன்னா?... நான்... நான் சாப்பிட்டதில்லக்கா. ஒரு நாளும் இல்ல. வீம்புக்குத்தான். அவங்க மூணு பேரும் சாப்பிடுவாங்க, நான் எதிர்ல உட்கார்ந்து என் சோத்தைத் தனியா சாப்பிடுவேன்... கோவமா?... இல்லையா?... உங்ககிட்ட ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதே இல்லையா?... அத்தனை பேர் சாப்பிடறாங்களே, யாராவது சொல்லியிருப்பாங்கல்ல?... கையக் கழுவிட்டு போட்டோ எடுக்கப் போயிடுவாங்களா... குறை இருந்தா மட்டும் தேடி வருவாங்களா...”

அவளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. இங்கே மூணு பேர், அங்கே ஆயிரம் பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

“...இருங்க, வெக்காதீங்க. ஒரு நிமிஷம்.”

எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். நேற்றைய பாத்திரத்தில் அடியில் கொஞ்சம் குழம்பு உறைந்து கிடந்தது. விரலால் வழித்து வாயில் வைத்தாள். சில்லென்று இருந்தது. ஆறிப்போனதிலும், ஒரு ராத்திரி கடந்ததிலும்கூட, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. இன்னொரு முறை வழித்தாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“...நல்லா இருக்குக்கா... இல்ல, மனசாரத்தான் சொல்றேன்... எரிச்சலா இருக்கு, ஆனா நல்லா இருக்கு. மல்லியை இறக்கற நேரத்துல பொடிச்சுப் போட்டீங்களா?... நெனச்சேன்... அழறீங்களா? புகையா?... சரி, புகைதான். எனக்கும் இங்க புகைதான்.”

பாத்திரத்தைத் திரும்ப உள்ளே வைத்து ஃபிரிட்ஜை மூடினாள். பிறகு திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

“...யாரு குரல் அது? அவரா? டப்பா கேட்கறாரா?... சொல்லாதீங்க! வேற யாரோன்னு சொல்லுங்க... போயிட்டாரா?... அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. வீட்டுக்கு அனுப்பற சாப்பாடு எப்பவும் போல வரட்டும், அதுக்கு நான் தடை சொல்லல. ஆனா இன்னிக்கு என் டப்பாவைக் காலியா குடுக்காதீங்க. ஒரே ஒரு கத்தரிக்காத் துண்டு மிச்சம் வெச்சு, மூடி போட்டுக் குடுங்க... ஏனா? சாயந்திரம் நான் திறந்து பார்த்துட்டு, ‘ஏன் மிச்சம் வெச்சீங்க, நல்லா இல்லையா?’ன்னு கேட்கணும். அந்த மனுஷன் என்ன முழிக்கிறாருன்னு பார்க்கணும். ஒரு தடவையாவது அவரு வாயால... செய்வீங்களா?... என்ன?... என்ன சொல்றீங்க?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“...பேசிக்கிட்டே சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா?... எல்லாத்தையுமா?... மூடியிலகூட இல்லையா?... வழிச்சாச்சா!... ஐயோ அக்கா, ஒரு துண்டு கூடவா வெக்கல?... அக்கா... ஹலோ?... ஹலோ?”